கல்லில் ஒரு ஹோவிட்சர்

1999 ஜூன். எனக்கு ஒன்பது வயது. இரவுச் செய்தியில் ஒரு பீரங்கி சுட்டுக்கொண்டிருந்தது. நீளமான குழல், முன்னால் நெருப்பு, பின்னால் புழுதி, குழல் ஒருமுறை பின்னுக்குப் போய்த் திரும்ப வரும். சுற்றி நிற்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். எங்கள் தெருவில் நாங்கள் எல்லோரும் அந்த வாரம் காதைப் பொத்திக்கொண்டுதான் விளையாடினோம். பீரங்கியின் பெயர் போஃபர்ஸ் என்று எங்களுக்குத் தெரியும். மற்றதெல்லாம் தெரியாது.

அப்பாவிடம் கேட்டேன். "எதிர்ல மலைதான இருக்கு. எதிரி எங்க இருக்கான்னு தெரியாம எப்படிப்பா சுடுறாங்க?"

"கணக்கு போட்டுத்தான்" என்றார் அப்பா. மின்வாரியத்தில் இருந்தவர். எதையும் சுருக்கமாகச் சொல்வார். "நீ ஒழுங்கா கணக்கு படிச்சா உனக்கும் தெரியும்."

படித்தேன். இன்ஜினியரிங் முடித்தேன். கணக்கு போட்டுத்தான் பிழைக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. பார்க்காத ஒருவரைக் கணக்கு போட்டுக் கொல்வதை ஒரு கதையோ படமோ சிற்பமோ எப்படிச் சொல்லும்? நான் பார்த்த கார்கில் படங்கள் எதுவும் அதைச் சொல்லவில்லை. சொல்ல முயன்ற ஒரு படைப்பை லண்டனில் ஒரு போக்குவரத்துத் திடலின் நடுவில் பார்த்தேன். இந்தக் கட்டுரை இவற்றைப் பற்றியது.

*

முதலில் கருவியைப் புரிந்துகொள்வோம். அது புரியாமல் படங்கள் எதைத் தவறவிட்டன என்பது புரியாது.

துப்பாக்கி நேராகச் சுடும். சுடுபவருக்கு இலக்கு தெரியும். ஹோவிட்சர் வானத்தை நோக்கிச் சுடும். குண்டு வளைவாக ஏறி, மலையையோ ஊரையோ தாண்டி, அந்தப் பக்கம் இறங்கும். சுடுபவருக்கு இலக்கு தெரிய வேண்டியதில்லை, பெரும்பாலும் தெரியாது. பதினோராம் வகுப்பு இயற்பியலில் எறிபொருள் என்று ஒரு பாடம் வருமே, அதேதான். அங்கே 'காற்றுத் தடையைப் புறக்கணிக்கவும்' என்று ஒரு வரி இருக்கும். பீரங்கிக்காரர் அதைப் புறக்கணிக்க முடியாது. காற்றின் வேகம், அதன் அடர்த்தி, வெடிமருந்தின் வெப்பநிலை, குழல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது வரை எல்லாமே கணக்கில் வரும். கார்கிலில் உயரம் அதிகம், காற்று மெலிது. சுமார் 24 கிலோமீட்டர் போகும் குண்டு அங்கே அதைவிடத் தள்ளிப் போய் விழுந்தது. சமவெளிக்கு எழுதிய கணக்கு மலையில் செல்லவில்லை.

இந்தியா வாங்கியது ஸ்வீடனின் எஃப்எச் 77பி. 1986 மார்ச்சில் ஒப்பந்தம், 410 பீரங்கிகள். குழலின் உள்விட்டம் 155 மில்லிமீட்டர், நீளம் அதன் 39 மடங்கு. குண்டு ஒன்று நாற்பது கிலோவுக்கு மேல். லாரியில் கட்டி இழுத்துப் போவார்கள். இடம் வந்ததும் பின்னால் இருக்கும் இரண்டு கால்களையும் விரித்து, அவற்றின் நுனியை மண்ணில் ஊன்றுவார்கள். சுடும்போது குழல் பின்னோக்கி நகரும். எண்ணெயும் அழுத்தப்பட்ட வாயுவும் அந்த உதையை வாங்கிக்கொண்டு குழலைப் பழைய இடத்துக்குத் தள்ளும். மிச்ச உதையை மண் வாங்கிக்கொள்ளும். போஃபர்ஸின் தனி வசதி, அதில் ஒரு சின்ன எஞ்சின் உண்டு. லாரி இல்லாமலே கொஞ்சதூரம் தானாக நகரும். மூன்று குண்டுகளைப் பதினைந்து நொடிக்குள் அனுப்பிவிட்டு இடம் மாறலாம்.

ஏன் இடம் மாறணும்? குண்டின் வளைவைப் பாதி வழியில் ரேடாரில் பிடித்தால், அது கிளம்பிய இடத்தைக் கணக்கு போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். பிறகு பதில் குண்டு வரும். இழுவை பீரங்கியின் பலவீனம் இதுதான்: விலை குறைவு, எடை குறைவு, ஆனால் கால் விரித்து உட்கார்ந்தபின் எழுந்திருக்க நேரமாகும்.

இன்னொரு விஷயம், சுடுவது ஒரு ஆள் இல்லை. முன்னால் மலைச்சரிவில் ஒரு கண்காணிப்பு அதிகாரி இருப்பார். அவருக்கு இலக்கு தெரியும், பீரங்கி தெரியாது. ரேடியோவில் எண்களைச் சொல்வார். கட்டளை நிலையத்தில் இருப்பவருக்கு வரைபடமும் அட்டவணையும் தெரியும். இலக்கும் தெரியாது, பீரங்கியும் பக்கத்தில் இல்லாமல் போகலாம். பீரங்கிக் குழுவுக்குத் தெரிவது ஒரு கோணம், ஒரு திசை, எவ்வளவு மருந்து என்பது. முழுவதும் தெரிந்தவர் அந்த வரிசையில் யாருமே இல்லை.

ஹோவிட்சர் என்ற சொல்லுக்கு மூலம் செக் மொழியின் 'ஹௌஃப்னிட்சே'. 15ஆம் நூற்றாண்டில் ஹுஸ்ஸைட் படைகள் வைத்திருந்த ஆயுதம். 'ஹௌஃப்' என்றால் கூட்டம். கூட்டத்தைச் சுடுவதற்கானது என்று பெயரே சொல்லிவிடுகிறது. நம் 'பீரங்கி' ஃபிரங்கி என்பதிலிருந்து வந்தது. யார் கொண்டுவந்தார்கள் என்பது பெயரில் இருக்கிறது. யார்மேல் விழும் என்பது இல்லை.

*

இப்போது படங்களுக்கு வருவோம். ஜே.பி. தத்தாவின் 'எல்ஓசி கார்கில்' (2003), ஃபர்ஹான் அக்தரின் 'லக்ஷ்யா' (2004), நம் விஷ்ணுவர்தன் இந்தியில் எடுத்த 'ஷேர்ஷா' (2021). மூன்றையும் இந்த வருடம் வரிசையாக மறுபடி பார்த்தேன். தத்தாவின் படம் கிட்டத்தட்ட நான்கு மணிநேரம். நிஜ வீரர்கள் ஒவ்வொருவருக்கும் இடம் தர வேண்டும் என்ற கடமையுணர்வு அதன் பலமும் பலவீனமும். 'லக்ஷ்யா' உண்மையில் ஒரு இளைஞன் தன்னைக் கண்டுபிடிக்கும் கதை. போர் அதற்கு ஒரு தேர்வு மாதிரி. 'ஷேர்ஷா' விக்ரம் பத்ராவின் வாழ்க்கை. மூன்றிலும் ஒரே வடிவம்தான். ஒருவன் மலையேறுகிறான், எதிரியின் முகத்தைப் பார்க்கிறான், சுடுகிறான், கொடி ஏறுகிறது. பீரங்கி இவற்றில் பின்னணி ஓசை. தீபாவளி மாதிரி வானம் கொஞ்சம் வெளிச்சமாகும், அவ்வளவுதான்.

நடந்தது என்ன? அந்தப் போரில் இந்தியத் தரப்பு இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட குண்டுகளும் ராக்கெட்டுகளும் சுட்டதாகக் கணக்கு. டைகர் மலையைப் பிடித்த நாளில் மட்டும் ஒன்பதாயிரம் போல. காலாட்படை ஏறியது உண்மை. 527 இந்திய வீரர்கள் இறந்தது உண்மை. அந்த வீரத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. ஆனால் அவர்கள் ஏறிய மலை ஏற்கெனவே பல நாட்கள் உழப்பட்ட மலை. பத்ராவின் படைப்பிரிவு 1999 ஜூன் 20 அன்று பிடித்த 5140 என்ற சிகரத்துக்கு 2022இல் ராணுவமே 'கன் ஹில்' என்று பெயர் வைத்தது, பீரங்கிப் படையின் நினைவாக. 'ஷேர்ஷா' வெளிவந்து ஒரு வருடம் கழித்து. படம் தனிமனிதனின் சிகரமாகக் காட்டியதை ராணுவம் பீரங்கியின் சிகரம் என்கிறது. படத்தைவிட ராணுவத்தின் பெயர்சூட்டல் யதார்த்தமாக இருக்கிறது என்பதை ஒரு சினிமா ரசிகனாக எனக்கு ஒப்புக்கொள்ளச் சங்கடமாகவே இருந்தது.

சினிமாவுக்கு முகம் வேண்டும், கணக்கைப் படமெடுக்க முடியாது என்று ஒரு பதில் வரும். நியாயமான பதில்தான். கார்கிலே அதற்கு ஒரு வழியும் வைத்திருந்தது. திராஸில் போஃபர்ஸ் பீரங்கிகளை நேரடியாகக் குறிபார்த்தும் சுட்டார்கள். ஹோவிட்சரைத் துப்பாக்கி மாதிரி பிடித்துச் சுட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுடுபவருக்கு மலை தெரியும், அந்த மலையிலிருந்து பார்ப்பவருக்கு நெடுஞ்சாலையில் நிற்கும் இவரும் தெரிவார். எவ்வளவு பெரிய நாடகம் அது! அதைக்கூட நம் படங்கள் மையத்துக்குக் கொண்டுவரவில்லை. ஆக, கருவி கதைக்கு ஒத்துவரவில்லை என்பது பாதிதான். நமக்கு வேண்டிய கதை ஏற்கெனவே தயாராக இருந்தது, அதில் பீரங்கிக்கு வேடம் இல்லை என்பதே மீதி.

இது சினிமாவோடு நிற்கவில்லை. 1987 ஏப்ரலில் ஸ்வீடிஷ் வானொலி போஃபர்ஸ் பேரத்தில் லஞ்சம் என்று அறிவித்ததிலிருந்து அந்தப் பெயர் பன்னிரண்டு வருடம் நமக்கு ஊழலின் பெயர். சென்னையிலிருந்து வரும் 'தி இந்து' ஆவணங்களை வெளியிட்டது, 1989இல் ஆட்சி போனது. பிறகு கார்கில் வந்து அதே பெயரைத் தேசபக்தியின் பெயராக்கியது. அதே வடிவமைப்பின் வழியில் ஜபல்பூரில் செய்த பீரங்கி 2019இல் படைக்கு வந்தபோது அதற்கு 'தனுஷ்' என்று பெயர் வைத்தார்கள். தனுஷ் என்றால் வில். வில் ஒரு ஆள் குறிபார்த்து எய்யும் ஆயுதம். கூட்டத்தின் ஆயுதத்துக்கு மறுபடியும் ஒற்றை வீரனின் பெயர்.

*

வேலை விஷயமாக ஆறு மாதம் லண்டனில் இருந்தேன். ஹைட் பார்க் கார்னரில் வெலிங்டன் வளைவைச் சுற்றி ஒரு பெரிய புல்தரைத் திடல். பஸ்கள் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தத் திடலில் முதல் உலகப்போரின் இரண்டு நினைவுச்சின்னங்கள் இருக்கின்றன. இரண்டும் 1925இல் திறக்கப்பட்டவை. ஒன்றை விமர்சிக்க மற்றொன்றே போதும்.

முதலாவது, இயந்திரத் துப்பாக்கிப் படையினருக்கானது. சிற்பி டெர்வென்ட் வுட். பீடத்தில் ஆடையில்லாத இளைஞன் தாவீது, கோலியாத்தின் பெரிய வாளைப் பிடித்தபடி ஒயிலாக நிற்கிறான். அவன் காலடியில் இருபுறமும் இரண்டு விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிகள், மாலை சூட்டப்பட்டு. நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் சுடும் இயந்திரத்தைப் பற்றிப் பேச வந்த சிற்பி, ஒரு கல்லால் ஒருவனை வீழ்த்தியவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அழகான உடல். பார்த்ததும் எனக்கு 'ஷேர்ஷா'வின் போஸ்டர் ஞாபகம் வந்தது.

இரண்டாவது, ராயல் ஆர்ட்டிலரி நினைவுச்சின்னம். சிற்பி சார்லஸ் சார்ஜென்ட் ஜாகர், கட்டடக்கலைஞர் லயனல் பியர்சன். ஜாகர் பதினான்கு வயதில் ஷெஃபீல்டில் உலோகத்தில் செதுக்கும் தொழிலுக்குப் பயிற்சிக்குப் போனவர். ரோமில் சிற்பம் படிக்கக் கிடைத்த பரிசை விட்டுவிட்டுப் படையில் சேர்ந்தார். கலிப்பொலியிலும் மேற்கு முனையிலும் காயம்பட்டார். அவர் செய்தது என்ன? பீடத்தின் உச்சியில் ஒரு ஹோவிட்சரை வைத்தார். 9.2 அங்குல ஹோவிட்சர், நிஜ அளவைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாக, முழுக்கப் போர்ட்லாந்து கல்லில்.

திறந்தபோது பலருக்குப் பிடிக்கவில்லை. குந்தியிருக்கும் தேரை மாதிரி இருக்கிறது என்றார்கள். எனக்கு அந்த உவமை வசையாகப் படவில்லை. நிஜ ஹோவிட்சரே அப்படித்தான் குந்தியிருந்தது. அதை மூன்று பாகமாகக் கழற்றி இழுத்துவந்து, களத்தில் பொருத்தி, முன்னால் ஒரு இரும்புப் பெட்டி வைத்து அதில் ஒன்பது டன் மண்ணைக் கொட்டுவார்கள். இல்லாவிட்டால் சுடும்போது முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். அந்த ஒன்பது டன் மண்ணையும் மனிதர்கள்தான் மண்வெட்டியால் அள்ளிக் கொட்டினார்கள். 130 கிலோ குண்டு ஒன்றை அனுப்ப இவ்வளவு கூலிவேலை. அந்த வேலையின் கனம் ஜாகரின் கல்லில் இருக்கிறது.

ஆனால் படைப்பின் உயிர் கல்லில் இல்லை, சுற்றியிருக்கும் நான்கு வெண்கல உருவங்களில் இருக்கிறது. ஒரு பக்கம் அதிகாரி. இன்னொரு பக்கம் குண்டு சுமப்பவர், பருத்த கைகள், விவசாயியின் கைகள். மறுபக்கம் வண்டியோட்டி, மழைக்கோட்டோடு சுவரில் சாய்ந்து கைகளை விரித்திருக்கிறார். ஓய்வா சிலுவையா என்று சொல்ல முடியாத நிலை. நான்காவது பக்கம் ஒரு பிணம். மேல்கோட்டால் முகம் வரை மூடி, மார்பில் தலைக்கவசம் வைத்திருக்கிறது. இந்த நான்காவது உருவத்தை ஜாகர் பின்னால் சேர்த்தார். குழுவில் தயக்கம் இருந்தது, இறந்தவர்களின் வீட்டார் பார்ப்பார்களே என்று. செலவைத் தானே ஏற்கிறேன் என்றார் அவர்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்கணும். ஒன்று, இந்த நால்வரில் யாரும் பீரங்கியைத் தொடவில்லை. இவர்களிடம் சுடும் கணம் இல்லை, வெற்றி இல்லை, இலக்கு இல்லை. இரண்டு, நால்வரும் நான்கு பக்கம். எங்கே நின்றாலும் நால்வரையும் சேர்த்துப் பார்க்க முடியாது. சுற்றி நடந்துதான் ஆகணும். கண்காணிப்பவர், கணக்கு போடுபவர், சுடுபவர், சாகிறவர் யாரும் ஒருவரையொருவர் பார்க்காத ஒரு வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியாது. முகம் இருந்தால்தான் கதை என்று நம் இயக்குநர்கள் சொல்வதற்கு இது பதில். முகங்கள் இருக்கின்றன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று மூடப்பட்டிருப்பதால்தான் மற்ற மூன்றும் அர்த்தமாகின்றன.

*

இந்த இடத்தில் கட்டுரை முடிந்திருக்கும். இரண்டாவது தடவை நான் தனியாகப் போகவில்லை.

வன்னியிலிருந்து சிறுவயதில் கிளம்பி வந்த ஒரு தம்பி, அலுவலகத்தில் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய் மேலே எழுதியதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டே பீடத்தைச் சுற்றிவந்தார். பிறகு சொன்னார்.

"எங்களுக்கு இதின்ர உருவம் தெரியாது அண்ணை. சத்தம் மட்டுந்தான் தெரியும். குத்துற சத்தம் கேட்டா உடன படுக்கோணும். அம்மா எண்ணுவா. பத்துக்குள்ள விழும்."

"பத்துக்கு மேல போனா?"

"எங்களுக்கில்லை. வேற ஆருக்கோ."

கொஞ்சம் பேசாமல் நின்றுவிட்டு, "இதில கிடக்கிறவரும் இவையின்ர ஆள்தானே?" என்றார் பிணத்தைக் காட்டி.

உண்மைதான். அந்தப் பீடத்தில் 49,076 என்று ஒரு எண் பொறித்திருக்கிறது. அந்தப் போரில் இறந்த ராயல் ஆர்ட்டிலரி வீரர்களின் எண்ணிக்கை. அவர்கள் சுட்டதில் இறந்தவர்களின் எண்ணிக்கைக்கு அங்கே இடமில்லை. முதல் உலகப்போரில் மற்ற எந்த ஆயுதத்தையும்விட அதிகம் பேரைக் கொன்றது பீரங்கிதான். ஜாகர் கடைசி எல்லை வரை போனார். அந்த எல்லை தன் தரப்பின் எல்லை. நினைவுச்சின்னம் அதைத் தாண்ட முடியாது, பணம் கொடுப்பவர்கள் தாண்ட விடமாட்டார்கள். கார்கிலிலும் அப்படித்தான். மறுபக்கம் இருந்த நார்தர்ன் லைட் இன்ஃபான்ட்ரி வீரர்கள் கில்கித், பல்திஸ்தான் மலைக்காரர்கள். ஆரம்பத்தில் அவர்களைத் தன் ராணுவம் என்றே பாகிஸ்தான் ஒப்புக்கொள்ளவில்லை. சிலரை இந்திய ராணுவம்தான் அங்கேயே புதைத்தது. கோட்டு போர்த்தவும் ஆளில்லாத நான்காவது உருவங்கள். இந்தப் பக்கம் கார்கில் ஊரிலும் குண்டு விழுந்தது. மக்கள் வீட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அவர்களுக்கு எந்தப் படத்திலும் காட்சி இல்லை.

அன்றிரவு அந்தத் தம்பி சொன்ன பத்தைக் கணக்கு போட்டுப் பார்த்தேன், பழக்கதோஷம். பத்து கிலோமீட்டர் தொலைவில் சுட்டால் சத்தம் வந்துசேர முப்பது நொடி ஆகும். குண்டுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அந்த அம்மா எண்ணியது அந்த வித்தியாசத்தை. என் அப்பா சொன்ன அதே கணக்கு, மறுமுனையிலிருந்து.

என் தொழிலுக்கும் இதற்கும் நேரடி உறவு உண்டு. எனியாக் என்ற ஆரம்பகால மின்னணுக் கணினியை அமெரிக்க ராணுவம் கட்டச் சொன்னது பீரங்கி அட்டவணைகளுக்காக. அதற்குமுன் ஒரு குண்டின் பாதையைப் பெண்கள் கையால் கணக்கிட முப்பது மணிநேரத்துக்கு மேல் ஆனது. எனியாக்குக்கு முப்பது நொடி. அதன் முதல் நிரலர்களான ஆறு பெண்களும் அப்படிக் கையால் கணக்கிட்டவர்கள்தான். நான் எழுதுவது கடன் விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடும் மென்பொருள். அதில் யார் விழுகிறார் என்று எனக்குத் தெரியாது. போன வருடம் ஊரில் சித்தப்பாவுக்கு ஆட்டோ வாங்கக் கடன் கிடைக்கவில்லை. எந்தக் கம்பெனியின் கணக்கோ. "ஏன்டா, மெஷின் வேண்டாம்னு சொல்லிடுச்சாமே?" என்று என்னிடம் கேட்டார். கடன் மறுப்பதும் குண்டு போடுவதும் ஒன்றில்லை, அந்த அளவுக்கு எனக்கு நாடகம் பிடிக்காது. ஆனால் வரிசையில் நின்று தன் பங்கு எண்ணை மட்டும் அடுத்தவருக்குக் கொடுக்கும் பழக்கம் எனக்கு நன்றாகத் தெரிந்த பழக்கம்.

தமிழில் இந்த ஆயுதத்துக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. எங்கள் பக்கம் பீரங்கி. சொன்னால் தொலைக்காட்சியும் கைதட்டலும் நினைவுக்கு வரும். ஈழத்தில் ஆட்லறி, அதன் கூடவே ஷெல்லடி, பங்கர். அங்கே இரண்டு தரப்பிடமும் அது இருந்தது, நடுவில் சனம் இருந்தது. சுடும் பக்கத்தைத் தூரத்திலிருந்து பார்த்துக் கைதட்டியவர்களும், விழும் பக்கத்தில் படுத்து எண்ணியவர்களும் ஒரே மொழியில் எழுதுகிறோம். ஆனால் முதல் சொல் வரும் எழுத்தில் இரண்டாவது சொல் வருவதில்லை. கார்கிலைப் பற்றியோ வேறு போரைப் பற்றியோ எழுத உட்காரும் நண்பர்கள் மலையேறும் வீரனைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, ரேடியோவில் எண் சொல்பவரையும், அட்டவணை பார்ப்பவரையும், அந்தப் பக்கம் பத்து எண்ணும் அம்மாவையும் ஒரே கதைக்குள் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள்.

ஊருக்கு வந்ததும் அப்பாவுக்கு நினைவுச்சின்னத்தின் படங்களைக் காட்டினேன். ஹோவிட்சரை ரொம்ப நேரம் பார்த்தார். குழல், சக்கரம், என்ன கல் என்றெல்லாம் விசாரித்தார். அடுத்த படத்தைத் தள்ளியதும் நிறுத்தினார்.

"இது யாருப்பா, படுத்திருக்கிறது?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தம்பி கேட்டதையும் சொன்னேன். அப்பா எதுவும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தார்.